மருந்துப் புட்டியில் சுற்றிய காகிதம்

ஜனவரி 12

பிரியமான அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் இவளும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

மிஷனரியாக இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நம் சபையில் எங்களை முழங்காலிட வைத்து, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பியபோது நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். எழுத்தறிவு வகுப்பு, கிணறு, மருந்தகம், வாலிபர் கூட்டம் என்று ஒரு நோட்டு நிறைய எழுதியே கொண்டுவந்தேன். முதல் வாரமே அதை இந்தச் சபையின் போதகரிடம் காட்டினேன். கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்துவிட்டு, “நல்லா இருக்கு தம்பி. ஆறு மாசம் உள்ள வைங்க,” என்றார். மருந்தகம் மட்டும் நடக்கிறது. அதுவும் இவள் நர்ஸ் என்பதால்.

போதகருக்கு வாரத்தில் ஆறு நாள் சைக்கிள் ரிப்பேர் வேலை. கடை என்றால் நான்கு கம்பும் மேலே ஒரு தகரமும்தான். ஒரு காற்றுப் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சாமான் பெட்டி. எல்லாரும் அவரைச் சைக்கிள் போதகர் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு முக்காலி போட்டிருக்கிறார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதுதான் இப்போது என் மிஷனரி ஊழியம். அத்தான் சிரிப்பார், தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் கவனித்தேன். பிரேக், செயின், காற்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பவர், மணியை மட்டும் அடித்துப் பார்க்கமாட்டார். வண்டிக்காரர்களே அடித்துப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

சபை மூப்பர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பேச்சையும் நிறுத்துத்தான் போடுவார் என்பதால் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். “முன்னால வந்தவங்க ரெண்டு வருஷம் இருந்தாங்க. நீங்க எவ்வளவு நாள்?” என்று கேட்டார். எங்களுக்காக ஜெபித்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 30

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

அக்காவின் வாழ்த்துகள். நாங்கள் சுகம். அத்தான் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறார். உன் வீட்டுக்காரி வேளைக்குச் சாப்பிடுகிறாளா? பிறரைப் பார்க்கும் நர்ஸ்கள் தங்களைப் பார்த்துக்கொள்வதில்லை. நீதான் கவனிக்க வேண்டும்.

முக்காலி விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நம் சபைக்கு நான் அடிக்கும் மாத மடலில் அதைப் போட முடியாது. உனக்குத் தெரியாததா? பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்தபிறகு தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் இருநூறு பிரதி ஓட்டி, விரலெல்லாம் மையோடு வீட்டுக்கு வருகிறேன். புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் அதை வைத்துத்தான் ஜெபிக்கிறோம். ‘மிஷனரிகளின் ஊழியத்திற்காக’ என்று மொட்டையாகப் போட்டால் பாதிப் பேர் கண்ணை மூடியபடியே தூங்கிவிடுகிறார்கள். ஆள் தெரிந்தால்தான் ஜெபம் வருகிறது. ஆகவே விவரமாக எழுது. யாருக்கு என்ன கஷ்டம், யார் மனசு திரும்பியது என்று எழுது.

உங்கள் மருந்தகத்துக்கு ஒரு பெட்டி சேர்க்கிறோம். இருமல் மருந்து, காய்ச்சல் மாத்திரை, பஞ்சு எல்லாம் வந்திருக்கின்றன. மார்ச்சில் அனுப்பிவிடலாம்.

அன்புள்ள அக்கா

*

மார்ச் 4

பிரியமான அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை எழுதப் போகிறேன். இவளிடம்கூடச் சொல்லவில்லை. மருந்தகத்தில் போதகரின் மனைவிதான் இவளுக்குத் துணை, இரண்டு பேரும் நாளெல்லாம் ஒன்றாக இருக்கிறார்கள்.

நேற்று மதியம் கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். போதகர் ட்யூபைத் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பேச ஆரம்பித்தார்.

“பதினாலு மாசமா எனக்கு ஜெபம் வரல தம்பி. மேடைல நிக்கிறேன், வாய் பேசுது. பழகின வார்த்தைங்க, அதுபாட்டுக்கு வருது. உள்ள ஒண்ணும் இல்ல.”

அவருக்கு ஒரே மகள் இருந்தாள், ஏழு வயது. காய்ச்சல் கண்டபோது, காலம் தப்பிப் பெய்த மழையில் பாலம் மூழ்கி பஸ் நின்றுபோயிருந்தது. சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, சுற்றுவழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். “வழி முழுக்க ஜெபம் பண்ணிக்கிட்டே மிதிச்சேன். வாசல்ல இறக்கும்போது முடிஞ்சிருந்துச்சு. அதோட எனக்கும் நின்னுபோச்சு,” என்றார். பிறகு குமிழி வந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, “வீட்டுக்காரிக்கும் தெரியாது. உங்களோட இருக்கட்டும்,” என்றார்.

அக்கா, நான் எதையோ கொடுக்க வந்தவன். இந்த மனிதர் தன்னிடம் இல்லாததை எனக்குக் காட்டிவிட்டார். ஊருக்கே ஜெபிக்கிறவர் தனக்கு வரவில்லை என்று சொன்னால் நான் என்ன சொல்வது? அவர் ஒட்டுப் போட்டு முடிக்கும்வரை ட்யூபைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு தாங்காமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாளை போதகர் டவுனுக்குப் போகிறார். இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் தபாலுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உன் தம்பி

*

மார்ச் 25

அன்பான தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கே உங்கள் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்தது தப்பு. கண்ணீர் நிற்கவில்லை. தலைமை ஆசிரியர் தலைவலியா என்று கேட்டு மாத்திரை கொடுத்தார். நானும் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

நீ கவலைப்படாதே. ஜெபத்துக்கு வல்லமை உண்டு. போன புதன்கிழமை நம் கூட்டத்தில் நடந்ததுபோல ஒரு ஜெபத்தை நான் பார்த்ததே இல்லை. தையற்காரம்மா தரையில் குப்புற விழுந்து அழுதார்கள். வாய் திறந்து ஜெபிக்காதவர்கள்கூட ஜெபித்தார்கள். எல்லாம் உங்களுக்காகத்தான்.

பெட்டியை நேற்று அனுப்பிவிட்டேன். புட்டிகள் உடையாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் காகிதம் சுற்றியிருக்கிறேன். இந்த மாத மடல் கூடுதலாக ஓடிவிட்டது. வீணாகப் போகவேண்டாமே என்று மீந்ததையெல்லாம் சுற்றிவிட்டேன்.

அத்தானுக்கு முழங்காலில் புது எண்ணெய் போடுகிறோம். அதன் வாசனையில் நான் வேறு அறையில் படுக்கிறேன்.

அன்புள்ள அக்கா

*

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சுகமா?

பெட்டி வந்துசேர்ந்தது. ஒரு புட்டியும் உடையவில்லை. சனிக்கிழமை காலை மருந்தகத்தில் வைத்துப் பிரித்தோம். இவளும், போதகரின் மனைவியும், சபை சார்பில் தராசு மூப்பரும் இருந்தார்கள். போதகரின் மனைவி காகிதத்தைத் தூக்கிப் போடுகிறவர் இல்லை. இருமல் மருந்துப் புட்டியில் சுற்றியிருந்ததை எடுத்து, மேசைமேல் கையால் தேய்த்துச் சுருக்கம் எடுத்தார். பிறகு படித்தார்.

என்ன இருந்தது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. ‘சைக்கிள் பழுதுபார்க்கும் போதகர், மகள் இறந்துபோனதுமுதல் பதினான்கு மாதங்களாக ஜெபிக்க முடியாமல், மனப்பாடமாகவே ஆராதனை நடத்துகிறவர்.’ ஐந்தாவது ஜெபக் குறிப்பு. அந்த அம்மா அதை நான்காக மடித்துப் புட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு தராசு எடுத்துப் படித்தார். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் போதகரிடம் போய், “நான்தான் எழுதினேன்,” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர், “சரி,” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் மேடை ஏறவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தராசு வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு ஆராதனையை முடித்துவிட்டார்.

கடையில் என் முக்காலி இல்லை. நான் போனால் அவர் எழுந்து நின்று, விருந்தாளியிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசுகிறார். அவர் போதகராகத் தொடர்வதா, நாங்கள் இங்கே தொடர்வதா, இரண்டையும் ஜூலை கடைசியில் சபை கூடி முடிவு செய்யும்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

*

மே 20

அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் மனதைத் தளரவிடாதீர்கள்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஊழியத்தில் சோதனைகள் வரத்தான் செய்யும். காகிதம் சுற்றும்போது எத்தனையோ பேர் கை மாறியது. பெட்டி கட்டியது நாலைந்து பேர். அவசர அவசரமாகக் கட்டினோம்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்து மார்க் பட்டியல் அடிக்கிறேன். தட்டச்சு இயந்திரத்தில் ஒரு எழுத்து ஒட்டிக்கொள்கிறது, மெக்கானிக் வரவேண்டும். அத்தான் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வெயில் அதிகம். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

கர்த்தர் எல்லாவற்றையும் நன்மையாக முடிப்பார்.

அக்கா

*

ஜூன் 16

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய விருப்பம்.

மழை தொடங்கிவிட்டது. மருந்தகக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. தகரம் மாற்ற வேண்டும். இருமல் மருந்து போதுமான அளவு இருக்கிறது, பஞ்சு தேவை. எழுத்தறிவு வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. இவளுக்கு இரண்டு நாள் சளி, இப்போது பரவாயில்லை.

மடலில் போடுவதற்குச் செய்தி ஒன்றும் இல்லை.

தம்பி

*

ஜூலை 2

என் தம்பிக்கு,

நீ சுகமா, உன் வீட்டுக்காரி சுகமா என்று கேட்கக்கூட எனக்கு இன்று வெட்கமாக இருக்கிறது.

உன் ஜூன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதுல ஒரு ஆளும் இல்லையே,” என்றார். மழை இருக்கிறது, தகரம் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது. போதகரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை, நீயும் இல்லை. என்னை நம்பி ஒரு ஆளை எழுத முடியாதவனாக உன்னை ஆக்கிவிட்டேன்.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, “அவன் உன்கிட்ட எழுதினான். சபைக்கா எழுதினான்?” என்று கேட்டார். அவ்வளவுதான். மறுபடி எண்ணெய் தேய்த்துக்கொண்டார்.

தம்பி, உன் கடிதத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தது நான். ஸ்டென்சில் வெட்டியது நான். புட்டிக்குச் சுற்றியதும் நான்தான், நாலைந்து பேர் இல்லை. உனக்கு அது முதல் நாளே தெரியும். நீ எழுதியது ஒருத்திக்குத்தானே. அப்படியிருந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். நீ கேட்காததால் நான் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குத்தான் அதிகமாக வெட்கப்படுகிறேன்.

போதகருக்கும் இன்றே தனியாக எழுதுகிறேன்.

உன் அக்கா

*

ஜூலை 2

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

தங்களுக்கும் தங்கள் மனைவிக்கும் தோத்திரம். நான் தங்கள் சபையில் இருக்கும் மிஷனரியின் அக்கா. பள்ளிக்கூட ஆபீஸில் தட்டச்சு வேலை பார்க்கிறேன்.

தங்களைப் பற்றி மடலில் அச்சிட்டது என் தம்பி அல்ல. அவன் தன் மனப்பாரம் தாங்காமல் எனக்கு மட்டும் எழுதினான். அதை நாற்பது பெண்கள் முன்னால் படித்துக் காட்டியவள் நான். ஜெபத்துக்காகத்தான் படித்தேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல ஐயா. அன்று எல்லாரும் அழுதபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் தம்பியின் கடிதம், நான் படித்து, இத்தனை பேர் அழுகிறார்கள் என்ற பெருமை. தங்கள் வீட்டுத் துக்கத்தை வைத்து நான் ஒரு நல்ல கூட்டம் நடத்தினேன்.

தங்கள் மனைவி அதை ஒரு மருந்துப் புட்டியிலிருந்து தெரிந்துகொண்டார்கள் என்று அறிந்தது முதல் எனக்குத் தட்டச்சுச் சத்தமே பிடிக்கவில்லை. மாத மடலை நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன். என் தம்பியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அவன் கொண்டுபோன நோட்டில் இருந்த எல்லாவற்றையும்விடத் தங்கள் கடையின் முக்காலியைத்தான் ஆசையோடு எழுதினான்.

தங்கள் தாழ்மையுள்ள சகோதரி

*

ஜூலை 24

பிரியமான அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அத்தான் கைத்தடியை விடாமல் வைத்திருக்கட்டும்.

நீ சொன்னது சரி, எனக்குத் தெரியும். நீயாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்று இருந்தேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் அதுவும் உனக்கு நான் கொடுத்த தண்டனைதான். ஜூன் மாதம் தகரத்தைப் பற்றி எழுதியபோது நீ துடிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதினேன். என்னையும் மன்னித்துவிடு.

ஆனால் பழி உன்னோடு மட்டும் நிற்காது. என்னோடு இருக்கட்டும் என்று அவர் சொன்னதை என்னோடு வைத்துக்கொள்ள முடியாதவன் நான்.

உன் கடிதம் போதகருக்கு வந்துவிட்டது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வருகிற ஞாயிறு சபை கூடுகிறது. இவள் துணிகளை மடித்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறாள். பெட்டிக்குள்ளும் வைக்கவில்லை, அலமாரிக்குள்ளும் வைக்கவில்லை.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 11

கர்த்தருக்குள் சகோதரிக்கு,

சைக்கிள் கடையிலிருந்து போதகர் எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்களாக. காகிதத்தில் கிரீஸ் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மகள் போனபிறகு நான் நிறையப் பொய்யைச் சத்தமாக, மேடையில் நின்று சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்வதாக இல்லை.

உங்கள் தம்பி யாரைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு அன்றே தெரியும். அவர் கடிதம் எழுதுவதே என் சாமான் பெட்டிமேல் வைத்துத்தான், அதுவும் உங்களுக்கு மட்டும்தான். அந்த மார்ச் மாதக் கடிதத்தை டவுனில் தபால்பெட்டியில் போட்டவனும் நான்தான்.

சபை கூடியதைச் சொல்கிறேன். மேடையை விட்டுவிடுகிறேன் என்று நானே எழுந்து சொன்னேன். தராசு மூப்பர் கடைசியில் எழுந்து, “எங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் நீங்க வந்து ஜெபம் பண்ணீங்க. உங்க வீட்டுச் சாவுக்கு நாங்க சாப்பாடு கொண்டுவந்தோம், அவ்வளவுதான். போதகர் வீடாச்சே, அவரே பண்ணிக்குவாருன்னு விட்டுட்டோம். நீங்க இருங்க. உங்களுக்கு வரும்வரைக்கும் நாங்க பண்றோம்,” என்றார். இப்போது வாரம் ஒருவர் ஜெபிக்கிறார்கள். நான் பிரசங்கம் மட்டும் செய்கிறேன். ஜெபம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வருகிறதுபோல நடிக்க வேண்டியதில்லை. அது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று உங்களுக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தம்பியைப் பற்றியும் கேட்டார்கள். அவர் அங்கேயும், நான்தான் எழுதினேன் என்றே சொன்னார். உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் அதுவும் ஊர் படித்ததாகிவிடும். தப்பு செய்துவிட்டு ஓடிப்போகாமல் மூன்று மாதம் அதே தெருவில் நடந்தாரே, அது போதும் என்று தராசு சொன்னார். முன்னால் வந்தவர்கள் தப்பே செய்யாமல் போய்விட்டார்களாம். முக்காலி பழைய இடத்தில் இருக்கிறது.

என் வீட்டுக்காரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மடலைப் படித்த அன்று அவள் என்னோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “நானும் ஜெபம் பண்ணல. நீங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பண்றீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்,” என்றாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் ஒருவரையொருவர் நம்பி ஏமாந்திருக்கிறோம். அன்றுதான் இரண்டு பேரும் எங்கள் மகளைப் பற்றிப் பேசினோம். விடாமல் பேசினோம், சாப்பிடவும் மறந்துபோனோம்.

மாத மடலை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மறுபடியும் போடுங்கள். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். முதலில் எங்கள் குறிப்பைப் போடலாம். இது என் வீட்டுக்காரி சொல்ல, நான் எழுதுவது.

நீங்கள் முன்பு அச்சிட்டதில் எங்கள் பிள்ளை இறந்துபோன மகளாக மட்டும் இருந்தாள். அது அவளுக்குப் போதாது என்கிறாள் அவள் அம்மா. ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு சைக்கிளின் மணியையும் அடித்துப் பார்ப்பது பிள்ளையின் வேலை. நான் என்னதான் சரிசெய்தாலும், அவள் அடித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் வண்டி கடையைவிட்டுப் போகும். அவள் போனபிறகு நான் எந்த மணியையும் தொட்டதில்லை. நேற்று உங்கள் தம்பி ஒரு வண்டியைத் துடைத்துவிட்டு, தெரியாமல் அடித்துவிட்டார். அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை அடிங்க என்று சொன்னேன்.

ஆகவே ‘சைக்கிள் கடையில் மணி அடித்துப் பார்த்த பெண்பிள்ளை, அவளுடைய அப்பாவும் அம்மாவும்’ என்று போடுங்கள். இருநூறு பிரதிக்கு மேல் ஓடினாலும் பரவாயில்லை. மீந்ததை அடுத்த பெட்டியில் மருந்துப் புட்டிகளுக்குச் சுற்றி அனுப்புங்கள். என் வீட்டுக்காரிதான் பிரிப்பாள்.

உங்கள் சகோதரன்